நிலமே முதற்பொருள்: பகடை பேஸ்பாலில் மைதானத்துக்கேற்ற அணி அமைப்பது குறித்து ஓர் ஆராய்ச்சி

தொல்காப்பியர் பேஸ்பால் பார்த்ததில்லை. ஆனால் பேஸ்பாலைப் பகடையும் அட்டையுமாக வீட்டு மேசையில் ஆடும் அமெரிக்கர்களுக்கு அவரைவிடப் பொருத்தமான ஆசான் கிடைக்கமாட்டார் என்பதே இவ்வாராய்ச்சியின் துணிபு. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று வகுத்தவர் அவர். மக்களும் மாவும் மரமும் அதற்குப் பிறகுதான். பகடை ஆட்டக்காரர்களில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆசைப்பட்ட அடிதடி வீரர்களையெல்லாம் முதலில் ஏலத்தில் அள்ளிக்கொண்டு, கல்யாணம் முடிந்த பிறகு குடித்தனத்துக்கு வீடு தேடும் மாப்பிள்ளையைப் போல, ஒரு மைதானத்தைத் தேடிப் புறப்படுகிறார்கள்.

ஆட்டத்தின் பெயர் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக். ஹால் ரிச்மன் என்பவர் சிறுவனாக இருந்தபோதே இதற்கு வடிவம் கொடுக்கத் தொடங்கி, 1961-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். நிஜத்தில் ஆடும் ஒவ்வொரு வீரருக்கும் ஓர் அட்டை உண்டு. அந்த ஆண்டு அவர் ஆடிய ஆட்டமெல்லாம் அதில் எண்களாகக் கட்டம் கட்டியிருக்கும். மூன்று பகடைகள் உருளும். ஒரு பகடையில் 1, 2, 3 விழுந்தால் பேட்டரின் அட்டையைப் பார்க்க வேண்டும். 4, 5, 6 விழுந்தால் பிட்சரின் அட்டையை. மற்ற இரண்டின் கூட்டுத்தொகை எந்த வரி என்று சொல்லும். ஜாதகம் பார்த்துப் பழகிய வீட்டில் இதை விளக்க ஐந்து நிமிடம் போதும்.

இது சிறுபிள்ளை விளையாட்டு என்று எவரேனும் சொல்லக்கூடும். நாவலாசிரியர் ஜாக் கெரூவாக் தானே ஒரு கற்பனை லீக்கைப் படைத்து, அணிகளுக்கும் வீரர்களுக்கும் பெயர் சூட்டி, வளர்ந்த பிறகும் அதை நடத்திக்கொண்டிருந்தார். ராபர்ட் கூவர் 1968-இல் வெளியிட்ட நாவலின் நாயகர் ஒரு கணக்காளர். பகடை பேஸ்பால் அவர் வாழ்க்கையையே விழுங்கிவிடுகிறது. எனவே பொருள் அற்பமானது என்ற தடை இங்கே செல்லாது.

இனி நிலத்துக்கு வருவோம். பேஸ்பாலில் ஒரு பேஸுக்கும் அடுத்த பேஸுக்கும் 90 அடி. பிட்சர் நிற்கும் மேடையிலிருந்து பேட்டருக்கு 60 அடி 6 அங்குலம். இந்த இரண்டு அளவிலும் எவரும் அங்குலம்கூட அசையமாட்டார்கள். ஆனால் பந்து தாண்டினால் ஹோம்ரன் (கிரிக்கெட் சிக்சரின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம்) என்றாகும் அந்த வேலி மட்டும் ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு மாறும். 1958-க்குப் பிறகு கட்டப்படும் மைதானங்களில் வேலியின் இரு மூலைகளும் பேட்டரிடமிருந்து 325 அடிக்குக் குறையக்கூடாது என்று விதி வந்தது. 2000-இல் திறந்த சான் பிரான்சிஸ்கோ மைதானத்தின் வலது மூலை 309 அடி. விதி இன்னும் ஏட்டில் பத்திரமாக இருக்கிறது.

ஆக, திணைப் பகுப்பு இல்லாமல் இந்தக் கடலைக் கடக்க முடியாது. குறிஞ்சிக்கு டென்வரின் கூர்ஸ் ஃபீல்ட். 1995-இல் திறந்தது, கடல்மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரம். மேல் மாடத்தில் அந்த உயரத்தைக் காட்ட ஒரு வரிசை நாற்காலிகளுக்கு மட்டும் ஊதா நிறம் கொடுத்திருக்கிறார்கள். காற்று மெலிந்திருப்பதால் அடித்த பந்து கூடுதல் தூரம் போகும். பிட்சர் சுழற்றி எறிந்த பந்தோ வளையவேண்டிய அளவு வளையாது. 1999-இல் அங்கே 303 ஹோம்ரன்கள் பறந்தன. 2002 முதல் பந்துகளை ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறையில் வைத்து எடுத்துவருகிறார்கள். அப்பளத்தை நமுக்க விடாமல் காப்பது நம் வீட்டுப் பழக்கம். பந்தை வேண்டுமென்றே கொஞ்சம் நமுக்க விடுவது அவர்கள் கண்ட நுட்பம்.

ஆனால் குறிஞ்சியில் மேலோட்டமான உரையாசிரியர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்றுண்டு. பந்து தூரம் போகிறதே என்று வேலியையும் தள்ளிக் கட்டினார்கள். விளைவு, வெளிக்களம் விரிந்துவிட்டது. வேலியைத் தாண்டாத பந்துகளுக்கும் அங்கே விழுந்து உருள இடம் தாராளம். ஆகவே கூர்ஸ் ஃபீல்டை வீடாக வரித்தவர் வாங்கவேண்டியது தடித்த தோள்களை மட்டுமல்ல, விரைந்தோடும் கால்களையும்தான். இன்னொரு சான்றும் குறுக்கே நிற்கிறது. அந்த மைதானத்து வீரர் லேரி வாக்கர் 1997-இல் 49 ஹோம்ரன் அடித்தார். அதில் 29 வெளியூரில்.

பாலைக்கு செயின்ட் லூயிஸின் பழைய புஷ் ஸ்டேடியம். முல்லையும் குறிஞ்சியும் முறைமை திரிந்தால் பாலை என்பார்கள். இங்கே திரிந்தது புல். 1970-இல் இயற்கைப் புல்லை எடுத்துவிட்டுச் செயற்கைப் புல்லை விரித்தார்கள்; கோடையில் அது தோசைக்கல்லாகக் காயும். பாலைக்கு உரிப்பொருள் பிரிதல் அல்லவா? 1985-இல் அந்த அணியின் ஓட்டக்காரர்கள் நின்ற பேஸைப் பிரிந்து அடுத்த பேஸைத் திருடிய தடவைகள் 314. ஹோம்ரன்கள் வெறும் 87. வெற்றிகள் 101. வின்ஸ் கோல்மன் ஒருவரே 110 முறை திருடினார். மேலாளர் வைட்டி ஹெர்சாக் நிலத்தைப் பார்த்து ஆள் சேர்த்தார்: வேலி எட்டாத தூரம், தரை வழுக்கும் கம்பளம், ஆகவே தரையோடு அடித்து ஓடுகிறவர்களே போதும்.

இந்த அணியில் பகடை ஆட்டக்காரர் கற்கவேண்டிய பொருளியல் ஒன்று ஒளிந்திருக்கிறது. ஏலத்தில் மிக அதிக விலை போவது ஹோம்ரன். எட்டாத வேலியுள்ள மைதானத்தைத் தேர்ந்தெடுத்தவர் அந்தச் சரக்கை வாங்கவே வேண்டியதில்லை. அது மட்டுமல்ல, எதிரி கோடி கொட்டி வாங்கிவந்த ஹோம்ரன் அங்கே செல்லாக்காசு. மிச்சம் பிடித்த பணத்தில் நல்ல பிட்சர் இருவரை வாங்கலாம். (நிலமும் சில நேரம் கூலி கேட்கும். அதே 1985 அக்டோபரில், மழைக்குப் போர்த்தும் படுதாவை விரிக்கும் தானியங்கி உருளை கோல்மனின் காலில் ஏறியது. உலகிலேயே வேகமாகத் திருடியவர், மெதுவாக நகரும் ஓர் உருளையிடம் பிடிபட்டு, இறுதித் தொடரை ஆடாமல் உட்கார்ந்திருந்தார்.)

மருதம் பாஸ்டனின் ஃபென்வே பார்க். இடது மூலை 310 அடிதான், ஆனால் அங்கே 37 அடி உயரப் பச்சைச் சுவர். ஹோம்ரன் ஆகியிருக்கவேண்டிய பந்து சுவரில் முட்டித் திரும்பி வரும். ஆகாதது சிலநேரம் உயரமாகப் போய் விளிம்பைத் தாண்டும். ஊடலுக்கு இதைவிடப் பொருத்தமான கட்டடம் இல்லை. நெய்தலுக்கு சான் பிரான்சிஸ்கோவின் கடற்காற்று. உரிப்பொருள் இரங்கல் என்பதை அங்கே குளிரில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். முல்லை நியூயார்க்கின் பழைய போலோ கிரவுண்ட்ஸ். நடுக்களம் 480 அடியையும் தாண்டி நீண்ட மேய்ச்சல் நிலம். இரு மூலைகளோ 280 அடிக்குள். 1954 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் கிளீவ்லண்ட் அணியின் விக் வெர்ட்ஸ் நடுக்களத்தை நோக்கி 400 அடிக்கு மேல் விளாசினார். வில்லி மேஸ் முதுகைக் காட்டி ஓடிப் பிடித்துவிட்டார். பத்தாவது இன்னிங்ஸில் டஸ்டி ரோட்ஸ் வலது மூலையில் ஏறக்குறைய 260 அடிக்குத் தூக்கிய பந்து வேலியைத் தாண்டியது, நியூயார்க் ஜெயித்தது. வெர்ட்ஸ் அடித்த திசையைத் தவிர அவரிடம் ஒரு குறையும் இல்லை.

திணை மயக்கத்துக்கும் உதாரணம் இருக்கிறது. 1958-இல் லாஸ் ஏஞ்சலஸ் வந்த டாட்ஜர்ஸ் அணி, சொந்த மைதானம் எழும்பும்வரை, 1932 ஒலிம்பிக் நடந்த முட்டை வடிவ அரங்கில் குடியேறியது. இடது மூலை 251 அடி. வெட்கத்தை மறைக்க 42 அடி வலை கட்டினார்கள். வலப்பக்கமோ கண்ணுக்கெட்டாத தூரம். இடக்கைப் பேட்டர்களின் பந்து இயல்பாகப் போவது அந்த வலப்பக்கந்தான். முந்தைய ஆண்டு 40 ஹோம்ரன் அடித்த இடக்கைக்காரர் டியூக் ஸ்னைடர், 1958-இல் 15-க்குச் சரிந்தார். மறுவருடம் வந்த வாலி மூனும் இடக்கைக்காரர்தான். அவர் மட்டையை வீசும் முறையையே மாற்றி, எதிர்த்திசையில் வலைக்கு மேலே பந்தைத் தூக்கிவிடப் பழகினார். செருப்புக்கேற்பக் காலை வெட்டக்கூடாது என்பார்கள். மூன் வெட்டிக்கொண்டார், ஓடவும் செய்தார். டாட்ஜர்ஸ் அந்த ஆண்டு உலகத் தொடரை வென்றது. ஆனால் பகடை ஆட்டக்காரருக்கு இந்த வழி அடைபட்டது. அட்டை தன் வீச்சை மாற்றிக்கொள்ளாது.

இனிப் பரபக்கம். "சின்ன மைதானம், பெரிய அடிகாரர்கள், வேறென்ன வேண்டும்?" என்பவர்களின் கொள்கை இது. இவர்களை மறுக்க 1930-இன் பிலடெல்பியா பில்லீஸ் ஒன்றே போதும். அவர்களுடைய பேக்கர் பௌலில் வலது மூலை 280 அடி. அதன் மேல் தகரம் போர்த்திய உயரச் சுவர். சக் கிளைன் 40 ஹோம்ரன் அடித்தார். அணியின் பேட்டிங் சராசரியே .315, இன்றைய அணிகளில் ஓரிருவர் எட்டினாலே கொண்டாடும் எண் அது. மொத்தம் 944 ரன் குவித்தார்கள். விட்டுக்கொடுத்ததோ 1,199. முடிவில் 52 வெற்றி, 102 தோல்வி, கடைசி இடம். அந்தச் சுவரில், தமிழ் வீடுகளிலும் நன்கறியப்பட்ட லைஃப்பாய் சோப்பின் விளம்பரம் ஒரு காலத்தில் இருந்தது: பில்லீஸ் அணி குளிப்பது லைஃப்பாயில் என்று. போட்டும் நாற்றம் போகவில்லையே என்று யாரோ ஒரு புண்ணியவான் கீழே எழுதிவைத்ததாக ஒரு கதை உலவுகிறது.

மைதானம் வீட்டுக்காரனுக்கும் விருந்தாளிக்கும் ஒரே இலைதான் போடும் என்பதைப் பில்லீஸ் மறந்தார்கள். ஆகவே சுபக்கம் இதுதான்: பரிமாறுவது யாருக்கு அதிகம் வந்து விழும் என்று பார்த்து உட்காரவேண்டும். இடக்கைக்கு வாகான மைதானம் என்றால் தன் பக்கம் இடக்கைப் பேட்டர்கள். எதிரியின் இடக்கைகளை அடக்க, அவர்களுக்கு ஹோம்ரன் தராத பிட்சர்கள். இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதை மட்டும் செய்தால் 1930 திரும்பி வரும்.

ஐயம் தீராதவர்களுக்காகக் கொஞ்சம் கணக்கு. சில அட்டைகளில் ஹோம்ரனுக்கு நேரே மைதானத்தைக் கேட்டுச் சொல்லும்படி ஒரு குறி இருக்கும். அது விழுந்தால் இருபது முகப் பகடையை உருட்டவேண்டும். எந்த எண்வரை ஹோம்ரன் என்பதை மைதானம் முடிவுசெய்யும். ஒரு பேட்டரின் அட்டையில் ஒரு நெடுவரிசையில், கூட்டுத்தொகை 5-க்கு நேரே இந்தக் குறி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அது விழ 216-இல் 4 வாய்ப்பு. பருவத்தின் 162 ஆட்டங்களில் சொந்த ஊரில் 81. அங்கே அவர் 300 முறை மட்டை பிடித்தால் ஐந்தரை முறை குறி விழும். மைதானத்தின் எண் 18 என்றால் 5 ஹோம்ரன். எண் 2 என்றால் அரை ஹோம்ரன். ஒரே அட்டை, ஒரே ஆள், ஒரே சம்பளம். அடுத்த 81 ஆட்டங்கள் ஊர் ஊராக, வேறொருவர் தேர்ந்தெடுத்த நிலத்தில். அங்கேயும் உயிர்பிழைக்கும் அணியாக இருக்கவேண்டும் என்பதால், சொந்த நிலத்துக்கென்றே செதுக்கிய அணிகள் வெளியூர்ப் பயணத்தில் மூச்சிரைக்கும்.

இங்கே ஒரு தடை எழும்: ஆளுக்கேற்ப நிலத்தையே மாற்றினால் என்ன? பகடையில் முடியாது. நிஜத்தில் செய்து பார்த்தார்கள். 1947-இல் பிட்ஸ்பர்க் பைரட்ஸ், முதிர்ந்த நட்சத்திரமான ஹாங்க் கிரீன்பெர்க்கை வரவழைத்து, அவருக்காக இடப்பக்கம் உள்வேலி போட்டு 365 அடியை 335 ஆக்கியது. கிரீன்பெர்க் 25 ஹோம்ரன் அடித்துவிட்டு அந்த ஆண்டோடு ஓய்வுபெற்றார். வேலியின் பலனை அள்ளியவர் பக்கத்தில் நின்ற இளைஞர் ரால்ஃப் கைனர்; 23-இலிருந்து 51-க்குத் தாவினார். அணி அந்த ஆண்டு கடைசி இடத்தைப் பங்குபோட்டுக்கொண்டது. பெயர் மாறிக் கைனரின் மூலை என்றாகிவிட்ட அந்த வேலிக்குள் அவர் பல பருவங்கள் ஹோம்ரன் அடுக்கினார். அணி பெரும்பாலும் அடிமட்டத்திலேயே கிடந்தது. 1953 ஜூனில் அவரை சிகாகோ கப்ஸுக்குக் கைமாற்றிவிட்டார்கள். வேலியை அகற்றியது அந்தப் பருவம் முடிந்த பிறகுதான். சிகாகோ அதே லீக்கின் அணி. மீதி மாதங்களில் அது பிட்ஸ்பர்க் வந்தபோதெல்லாம், வேலி போட்டவர்களின் பிட்சர்களுக்கு எதிரே நின்றது கைனர்.