தூண்துளையும் தொப்பையும்: ஒரு பூர்வாங்க ஆய்வு

ஜப்பானின் நாரா நகரத்துத் தோதாய்ஜி ஆலயத்தில், மகாபுத்தர் மண்டபத்தின் வடகிழக்குப் பக்கம் நிற்கும் ஒரு மரத்தூணின் அடியில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளிவருபவரை நோய்நொடி அண்டாது, அடுத்த பிறவியில் ஞானம் உறுதி என்று நம்பிக்கை. உள்ளே அமர்ந்திருக்கும் புத்தரின் மூக்குத்துளை என்ன அளவோ அதே அளவுதான் இந்த ஓட்டையும் என்பது மரபு. ஆலயத்தின் கட்டடக் கலை, சிற்பம், அரசியல் பின்னணி ஆகியவை பற்றி அலமாரி அலமாரியாக நூல்கள் உண்டு. ஆனால் ஒரு சராசரித் தமிழ்ப் பயணி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த ஓட்டைக்குள் தலையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பது குறித்துக் கற்றோர் வாய் திறப்பதில்லை. இக்கட்டுரை திறக்கிறது.

ஆய்வு எல்லை

நாராவின் மான்கள் இவ்வாய்வில் அடங்கா என்று தொடக்கத்திலேயே வரையறுத்துக்கொண்டோம். மான்கள் அதை ஏற்கவில்லை. பக்கத்துக் கசுகா ஆலயத்துத் தெய்வம் வெள்ளை மான்மீது ஏறி வந்ததாக ஐதிகம். அதனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மான்கள் பூங்காவிலும் சாலையிலும் யாருக்கும் அஞ்சாமல் உலவுகின்றன. 1957 முதல் அவை நாட்டின் இயற்கை நினைவுச்சின்னமும்கூட. தவிடும் மாவும் கலந்து சுட்ட மான் பிஸ்கட் கையில் இருந்தால் தலை தாழ்த்தி வணங்கும். வணங்கியும் பிஸ்கட் வரவில்லையென்றால் சட்டையைப் பிடித்து இழுக்கும். இவற்றைச் சமாளித்துக்கொண்டே தெற்குப் பெருவாயிலுக்குள் நுழைவதால், அங்கே இருபுறமும் எட்டு மீட்டருக்கு மேல் ஓங்கி நிற்கும் வாயிற்காவலர் இருவரைப் பயணிகள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. உன்கெய், கைகெய் என்னும் சிற்பிகள் தம் குழுவினரோடு 1203-இல் 69 நாட்களில் செய்து முடித்த சிலைகள் அவை. அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று மானோடு செல்ஃபி எடுத்துக்கொள்வதே நடைமுறை. இதைக் கண்டிப்பது வேறோர் ஆய்வின் வேலை.

துளையின் காலம்

எந்த மூக்கின் துளை என்பதே முதல் சிக்கல். புத்தர் ஒருவர்தான், மூக்கு பல.

பேரரசர் ஷோமு 743-இல் இந்தச் சிலையைச் செய்ய ஆணையிட்டார். சில ஆண்டுகளுக்கு முன்புதான் பெரியம்மை நாட்டையே வாரிக்கொண்டு போயிருந்தது. 740-இல் ஒரு கலகம் வேறு. ஒரு புல்லையோ ஒரு பிடி மண்ணையோ கொண்டு வந்து உதவ விரும்புகிறவர் யாராக இருந்தாலும் தடுக்கக் கூடாது என்பது அவர் ஆணையின் சாரம். ஏறக்குறைய 500 டன் செம்பு உருகியது. 752-இல் கண்திறப்பு விழா. கருவிழி தீட்டியவர் இந்தியாவிலிருந்து கடல் கடந்து 736-இல் ஜப்பான் சேர்ந்த போதிசேனர். அவர் பிடித்த தூரிகையில் நீண்ட நூல் கட்டி, கூடியிருந்தோர் அந்த நூலைப் பற்றிக்கொண்டார்கள். அவர் தீட்டும்போது புண்ணியம் அதன் வழியே எல்லாருக்கும் போய்ச் சேரும் என்பது ஏற்பாடு. அந்தத் தூரிகையும் நூலும் ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் இருக்கின்றன. போதிசேனர் மதுரைக்காரர் என்று சொல்வோரும் நம்மிடையே உண்டு. அதில் தலையிட்டால் கட்டுரை பட்டிமன்றமாகிவிடும் என்பதால் விலகிச் செல்கிறோம்.

அந்த மூக்கு 855 வரை இருந்தது. அந்த ஆண்டு நிலநடுக்கத்தில் தலையே கழன்று விழுந்தது. ஒட்டவைத்தார்கள். 1180-இல் தைரா குலப் படையினரின் தீயில் மண்டபத்தோடு உருகியது. மீண்டும் வார்த்தார்கள். 1567-இல் இன்னொரு போர், இன்னொரு தீ. அதன் பிறகு புத்தர் பல்லாண்டுகள் கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் அமர்ந்திருந்தார். கோகெய் என்னும் துறவி ஊர் ஊராகப் போய் நிதி திரட்டி, 1692-இல் மறுபடியும் கண் திறக்க வைத்தார். மண்டபம் 1709-இல் முடிந்தது; பாவம், கோகெய் 1705-லேயே காலமாகிவிட்டார். ஆக, இப்போதுள்ள தலையும் அதிலுள்ள மூக்கும் 17-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. துளையுள்ள தூண் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். இரண்டும் ஏறக்குறைய சமகாலத்தவை என்பதால், மூக்கைப் பார்த்துத் துளையை அளந்தார்கள் என்ற மரபுக்குக் காலக்கணக்கில் தடையில்லை. 752-ஐச் சேர்ந்த துளைக்குள் புகுந்து வந்ததாக ஊரில் வந்து சொல்பவரை மட்டும் நம்பாதீர்கள்.

தூணைப் பற்றியும் ஒரு சொல். 1709-இல் மண்டபம் பழைய அகலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சுருங்கி 57 மீட்டரில் நின்றது. பணமும் இல்லை, பெருமரமும் இல்லை. உத்தரத்துக்கான இரண்டு மரங்களைத் தேடித் தெற்கே கியூஷு தீவின் கிரிஷிமா மலைக்காடுவரை போக வேண்டியிருந்தது. தூணுக்கு அவ்வளவு பருமனில் ஒற்றை மரம் கிடைக்காததால், நடுக்கட்டையைச் சுற்றிப் பலகைகளைப் பொருத்தி, இரும்புப் பட்டை போட்டு இறுக்கினார்கள். மரத்துக்கு இவ்வளவு தட்டுப்பாடு இருந்த காலத்தில் ஒரு தூணில் மட்டும் மெனக்கெட்டு ஓட்டை போட்டிருக்கிறார்கள் என்பதை ஆய்வுலகம் கவனிக்க வேண்டும்.

துளையின் திசை

வடகிழக்கு, ஜப்பானிய மரபில் பேய் வரும் வாசல். தீயது வெளியேறுவதற்காகவே அங்கே துளை வைத்தார்கள் என்பாரும் உளர். நம்மூர் வாஸ்துக்காரரிடம் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார். அவருக்கு அது ஈசானிய மூலை, பூஜை அறைக்கும் கிணற்றுக்கும் உரிய இடம். இரு தரப்பையும் சமாதானப்படுத்த ஒரே வழி, துளைக்குள் புகும் முன் அது ஈசானியம், புகுந்து சிக்கிய பின் அது பேய்வாசல் என்று கொள்வதே.

அந்த மூலைக்குக் காவல் நிற்பவர் தமோன்தென். நம் வைசிரவணன்தான் அங்கே போய்க் கவசம் பூண்டு போர்வீரராகிவிட்டார். வைசிரவணன் என்பது குபேரனுக்கு மறுபெயர். நம் சிற்பிகள் குபேரனுக்குக் கொடுத்த தொந்தியோடு அவர் அங்கே நின்றிருந்தால், தாம் காக்கும் துளைக்குள் தாமே நுழைய முடியாது. ஜப்பான் போய் இளைத்ததன் காரணம் இதுவாகவும் இருக்கலாம் என்பது எம் துணிபு.

அளவை

துளை ஏறக்குறைய 30 சென்டிமீட்டருக்கு 37 சென்டிமீட்டர். உள்நீளம் தூணின் பருமன், அதாவது ஒரு மீட்டருக்குச் சற்று மேல். புத்தரின் உயரம் ஏறக்குறைய 15 மீட்டர். மூக்கின் அகலம் ஏறக்குறைய ஒரு மீட்டர். 37 சென்டிமீட்டர் துளை இரண்டு என்றால் 74. மீதி 26 சென்டிமீட்டரில் நடுச்சுவரும் இரு பக்கச் சுவரும் அடங்க வேண்டும். கொஞ்சம் மெல்லிய மூக்குத்தான், ஆனால் கணக்கு இடிக்கவில்லை.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். மண்டபத்துக்குள் நுழையும் எவரும் அண்ணாந்து பார்த்து “எவ்ளோ பெருசு!” என்கிறார். பிறகு போன் திரையைப் பார்க்கிறார். 15 மீட்டர் என்பது அந்தக் கணத்தில் வெறும் எண். வலம் வந்து, பழைய மண்டபத்தின் மாதிரி வடிவத்தைக் கடந்து, தூணடிக்கு வந்து, தன் தோளை அந்த ஓட்டைக்கு அருகே வைத்துப் பார்க்கும்போதுதான் புத்தர் எவ்வளவு பெரியவர் என்று உடம்புக்கு உறைக்கிறது. அவரது ஒரு நாசித் துவாரத்துக்கு நாம் அடைப்பு. இதை எந்த வழிகாட்டியும் இவ்வளவு தெளிவாக விளக்கியதில்லை.

நுழையும் முறை

துளை நுழைவுக்கு இலக்கண நூல் இல்லாத குறையைப் போக்க, யாமே ஒரு நூற்பா செய்தோம்:

தலைபுகின் தோளும் புகுமெனல் மயக்கே;
தோள்புகின் வயிறும் புகுமெனல் துணிவே.

இதன் பொருள் வெளிப்படை. ‘மயக்கு’ என்றது முதன்முறை வருவோரை நோக்கி. ‘துணிவு’ என்றது புகழ்ச்சி அன்று. இடுப்பைக் கூறாது விட்டது என்னை எனின், வயிறு புகுந்தார்க்கு இடுப்பு ஒரு பொருட்டன்று ஆகலின் என்க.

செய்முறை வருமாறு. கும்பிட்ட கையோடு நேரே புகுவது தவறு. தோள்கள் விரிந்து இரு பக்கமும் முட்டும். கைகளை நீட்டி, ஒரு தோளை முன்னும் மறு தோளைப் பின்னும் தள்ளி, உடம்பைச் சற்றே ஒருக்களித்துப் புக வேண்டும். காரணம் பித்தகோரஸ். 30-க்கு 37 என்ற சட்டத்தின் மூலைவிட்டம் 47 சென்டிமீட்டருக்கு மேல். நேரே புகுபவரைவிடச் சாய்ந்து புகுபவருக்குப் பத்து சென்டிமீட்டர் லாபம். பள்ளியில் படித்தது எதற்கு உதவும் என்று கேட்ட பிள்ளைகளுக்கு இனி வீடுபேறு என்று பதில் சொல்லலாம். திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இடுக்குப் பிள்ளையார் கோயிலுக்குப் போயிருப்பவருக்கு இது புதிதல்ல. ஒரே நேரில் அமையாத வாசல்களுக்குள் பக்கவாட்டில் படுத்து ஊர்ந்து வெளிவந்த அனுபவம் நாராவில் அப்படியே கைகொடுக்கும்.

மறுமுனையில் இருவர் வேண்டும். ஒருவர் கையைப் பிடித்து இழுக்க, ஒருவர் படம் எடுக்க. ஆள் ஒருவர்தான் என்றால் பெரும்பாலோர் படம் எடுப்பவரையே தேர்கின்றனர். படம் இல்லாத ஞானம் ஞானமாகுமா என்ற வினாவைத் தத்துவத் துறையினர்க்கு விட்டுவிடுகிறோம்.

கள ஆய்வு

வரிசையில் நிற்போரில் பெரும்பகுதி பள்ளிச் சுற்றுலாப் பிள்ளைகள். அவர்கள் நிற்காமல் ஓடுவதுபோலவே நுழைந்து வெளிவருகிறார்கள். முகத்தில் ஞானம் கிட்டிய அறிகுறி ஒன்றும் இல்லை. அடுத்து ஒல்லியான பெண்கள், சிரித்துக்கொண்டே. பிறகு ஆண்கள். முதலில் குனிந்து எட்டிப் பார்க்கிறார்கள், கைப்பையை மனைவியிடம் கொடுக்கிறார்கள், பெல்ட்டைத் தொட்டுப் பார்க்கிறார்கள், “நேரமாயிடுச்சு” என்று நகர்கிறார்கள்.

நகராத ஒருவரின் உரையாடல், தமிழில் நிகழ்ந்ததால் முழுமையாகப் பதிவானது:

“ஏங்க, போதும், வெளிய வாங்க.”

“வர முடிஞ்சா வரமாட்டேனா?”

“மூச்சை வெளிய விடுங்க.”

“விட்டுட்டேன்டி. இப்ப உள்ள இழுக்க முடியல.”

பின்னால் நின்ற பிள்ளைகள் இருவர் அவர் காலைப் பிடித்துத் தள்ள, முன்னால் அவர் மகன் கையைப் பிடித்து இழுக்க, சட்டை பாதி தலைக்கு ஏறிய நிலையில் வெளிவந்தார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். வெளிவந்ததும் அவர் கேட்டது, “போட்டோ எடுத்தியா?”

தடையும் விடையும்

ஒரு தடை எழுப்பலாம். ஒரு பிடி மண்ணோடு வந்தவரையும் தடுக்காதே என்று அரசர் சொன்ன ஆலயத்தில், இடுப்பளவு பார்த்து ஞானம் வழங்குவது முறையாகுமா? 752-இல் நூலைப் பற்றியவர் ஒல்லியா பருமனா என்று யாரும் பார்க்கவில்லையே?

அற்றன்று. அதே மண்டபத்து வெளித்திண்ணையில், வாசலுக்கு வலப்புறம், சிவப்புத் துணி போர்த்திய ஒரு மரச்சிலை அமர்ந்திருக்கிறது. புத்தரின் சீடர் பிண்டோலர். ஜப்பானியர் பின்சுரு என்பர். சித்து விளையாட்டைப் பலர் முன் செய்து காட்டியதற்காகப் புத்தரிடம் கண்டனம் வாங்கியவர். உள்ளே இடமில்லாமல் வாசலில் இருப்பது அதனால்தான் என்று கதை. உடம்பில் எந்த இடத்தில் உபாதையோ, சிலையின் அந்த இடத்தைத் தடவிவிட்டு நம் உடம்பைத் தடவிக்கொண்டால் குணமாகும் என்பது நம்பிக்கை. ஆக, துளையில் தோற்றவர் வெளியே வந்து பிண்டோலரின் வயிற்றைத் தடவலாம். உயர வரம்பு இல்லை, அகல வரம்பு இல்லை. இந்த ஏற்பாட்டின் நுட்பத்தை முன்னையோர் யாரும் எடுத்துக்காட்டவில்லை.

  

ஆய்வு முடிபு: துளை நுழைவுக்குப் பக்தியைவிட வெறும் வயிறே முக்கியம். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மண்டபம் காலை ஏழரைக்குத் திறக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை எட்டு மணிக்கு. பள்ளிப் பேருந்துகள் வருவதற்கு முன், காலைச் சிற்றுண்டிக்கும் முன், போய்விடுங்கள். பெல்ட்டை விடுதியிலேயே விட்டுச் செல்க.