உடையத் தெரிந்த போல்ட்

அயர்லாந்துக்காரர்களிடம் டிராக்டர் நன்றாக ஓடுகிறது என்று சொன்னால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எங்கே நின்றது, எதைக் கழற்றினார்கள், எதைத் தட்டியதும் கிளம்பியது என்று ஆரம்பித்தால் டீ ஆறுகிற வரைக்கும் கேட்பார்கள். கார்க் பகுதியில் எங்கள் வீட்டுக்கு எதிரே மாடு வைத்திருக்கும் பெரியவர், மே மாதக் கடைசியில் பழைய வண்டிகளை மட்டும் வரவழைத்து, தொண்டுக்கு நிதி திரட்ட ஒரு சைலேஜ் திருவிழா நடத்துகிறார். கோபியிலிருந்து எங்களைப் பார்க்க வந்திருந்த மாமனாரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

புல்லைக் காயவைத்துப் படப்பாக அடுக்க வேண்டுமென்றால் சேர்ந்தாற்போல் நாலு நாள் வெயிலடிக்க வேண்டும். அந்த ஊரில் அப்படிக் கேட்பதே பேராசை. அதனால் பச்சையாகவே நறுக்கி, மேலே டிராக்டரை ஏற்றி ஏற்றி மிதித்து, காற்றுப் புகாமல் கறுப்புத் தார்ப்பாய் போட்டு, அது பறக்காமல் பழைய டயர்களை அடுக்கிவிடுகிறார்கள். இதுதான் சைலேஜ். காற்றில்லாத இடத்தில் வளரும் நுண்ணுயிர்கள் புல்லிலுள்ள சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்க, குளிர்காலம் முழுக்கப் புல் கெடாமல் கிடக்கும். ஜாடி மட்டும் கல்யாண மண்டபம் அளவு, மற்றபடி ஊறுகாய்தான். பசுந்தீவனத்தைப் பதப்படுத்தும் முறைக்காகவும் சேர்த்துத்தான் பின்லாந்தின் விர்ட்டானனுக்கு 1945இல் வேதியியல் நோபல் கிடைத்தது என்றேன். "மாட்டுத் தீனிக்கா மாப்பிள்ளை!" என்று மாமனார் வாயைப் பிளந்தார். ஊரில் சாஃப் கட்டரில் சோளத்தட்டு நறுக்கும்போது தானும் நோபல் பாதையில்தான் இருந்திருக்கிறோம் என்கிற தெளிவு முகத்தில் தெரிந்தது.

முதலில் களமிறங்கியது நீல நிற ஃபோர்டு 5000. பின்னால் இழுவையாக ஒரு டபுள் சாப் இயந்திரம். அடியில் சுழலும் தண்டில் தொங்கும் கத்திகள் புல்லை அடித்துப் பிய்க்கும். திருகு அதை ஓரத்துக்குத் தள்ளும். அங்கே கத்தி பூட்டிய கனத்த சக்கரம் இரண்டாம் முறை வெட்டி, வளைந்த குழாய் வழியே டிரெய்லருக்குள் வீசும். ஓட்டுநர் வண்டியை முன்னால் விட்டுக்கொண்டே, குழாய் எங்கே பார்க்கிறது என்று பின்னாலும் பார்க்க வேண்டும். இந்தத் தொழிலில் வயதானவர்களை முகம் வைத்து அல்ல, கழுத்து வைத்துத்தான் அடையாளம் காண்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

கால்வாசி வயல் முடிவதற்குள் 'டக்'கென்று ஒரு சத்தம். ஷியர் போல்ட்.

கல்லோ கட்டையோ உள்ளே போனால் கியர்பாக்ஸ் நொறுங்காமல், தான் உடைந்து மானம் காக்கும் சின்ன போல்ட் அது. உடைவதற்கென்றே பிறந்தது. சத்தம் கேட்டதும் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஆண்களெல்லாம் உயிர் வந்து ஓடினார்கள். ஆறேழு பேர் இயந்திரத்துக்கு அடியில் படுக்க, மீதிப்பேர் அவர்கள் கால்களுக்கு ஆலோசனை சொன்னார்கள். பெரியவர் சட்டைப்பையிலிருந்து புதுப் போல்ட் எடுத்தார். கோட்டிலும் இருந்தது. வாஷிங் மெஷினிலும் இருக்கும் என்று அவர் மனைவி பல்லைக் கடித்தபடி தெரிவித்தார். கெட்டியான போல்ட்டாகப் போட்டால் உடையாதே என்று ஓர் இளைஞன் கேட்டுவிட்டான். கோயிலுக்குள் செருப்போடு வந்தவனைப் பார்ப்பதுபோல் அத்தனை பேரும் அவனைப் பார்த்தார்கள்.

சும்மா நிற்கிற நேரத்தில் சண்டை வேண்டுமே. ஹென்றி ஃபோர்டின் அப்பா கார்க் பகுதியிலுள்ள பாலினாஸ்கார்த்திக்காரர். 1919 முதல் கார்க் நகரத்திலேயே ஃபோர்ட்சன் டிராக்டர் தயாரானது. ஆகவே நீலக் கட்சிக்கு ஃபோர்டு சொந்தப் பங்காளி. சிவப்புக் கட்சிக்கோ ஹாரி ஃபெர்குசன், வடக்கே டவுன் என்கிற கவுண்டியில் பிறந்தவர், கலப்பையை மும்முனையில் பூட்டும் ஏற்பாட்டைக் கொடுத்தவர். 1938இல் இருவரும் காகிதமில்லாமல் கைகுலுக்கி ஒப்பந்தம் போட்டார்கள். ஃபோர்டின் பேரன் காலத்தில் அது முறிந்து, வழக்காகி, 1952இல் ஃபோர்டு கம்பெனி 92.5 லட்சம் டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. தீர்ந்தது என்று அமெரிக்க நீதிமன்றம்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது.

மாமனார் விசாரணையே இல்லாமல் சிவப்பில் சேர்ந்துவிட்டார். வரப்போரம் நின்ற சிவப்பு மேஸி ஃபெர்குசன் 135ஐச் சுற்றி வந்து, பானட்டைத் தடவி, "நம்மூட்டு டாபேவுக்கு அண்ணனாட்டம் இருக்குதுங்களே" என்றார். 1960இல் மேஸி ஃபெர்குசன் கூட்டில்தானே சென்னையில் டாபே கம்பெனி தொடங்கியது, உறவு சரிதான். அந்த 135 கிளம்ப மறுத்தபோது, "டீசல்ல ஏர் புடிச்சிருக்குதுங்க" என்று தமிழிலேயே சொல்லி ஸ்பேனருக்குக் கை நீட்டினார். கொடுத்தார்கள். ஃபில்டர் மேலிருந்த திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அமுக்கி, நுரை போய்த் தெளிந்த டீசல் வந்ததும் இறுக்கினார். வண்டி உறுமியது. அதன்பிறகு என்னை மொழிபெயர்ப்புக்குக்கூட யாரும் கூப்பிடவில்லை.

அந்தி வரை அறுத்தும் வயலில் பாதி அப்படியே நின்றது. மறுநாள் காலை ஒப்பந்தக்காரரின் புது ஜாகுவார் அறுவடை இயந்திரம் வந்து, மிச்சத்தை நாங்கள் தோசை சாப்பிட்டு முடிப்பதற்குள் அள்ளிக்கொண்டு போனது. ஜன்னல் வழியாகப் பார்த்த மாமனார், "எங்கியும் நிக்கவே இல்லீங்களே மாப்பிள்ளை" என்று அலுத்துக்கொண்டு சட்னியை நகர்த்தினார்.