குப்புறப் படு மாப்ளே

தலையத் தூக்காத மாப்ளே, அப்படியே கெட. மாமன் வந்திருக்கேன்னு எந்திரிச்சு மரியாதை பண்ற வேலையெல்லாம் வேணாம். ஒன் கல்யாணத்துலயே எந்திரிக்காதவன், இப்ப என்னத்துக்குப் புதுசா? நான் ஒன் பொடனியப் பார்த்துப் பேசிக்கிறேன். மூஞ்சிக்கு அது ஒண்ணும் கொறச்சல் இல்ல.

வெவரம் பூரா ஒன் வீட்டுக்காரி சொல்லிருச்சு. கோக்கர்ஸ் வாக்குல நிக்கிறப்பவே வலது கண்ணு ஓரத்துல பளிச்சு பளிச்சுன்னு வெட்டியிருக்கு. எவனோ நம்மளப் போட்டோ எடுக்குறான்னு நீ தலையச் சீவிக்கிட்ட. சாயங்காலம் ஓட்டல்ல கொசு பறந்துச்சாம். கொடைக்கானல் குளிருக்கு ஏதுடா அம்புட்டுக் கொசு? நீ கையத் தட்டித் தட்டி அடிச்சதுல பக்கத்து மேசைக்காரன் தன் புள்ளைகளத் தள்ளி உக்கார வச்சானாம்.

மறுநாள் காலையில கருப்புப் பொட்டு பொட்டா எறங்கியிருக்கு. அப்பவும் நீ அசையல. எப்படி அசைவ? ரூமுக்கு முன்பணம் கட்டியாச்சு, படகுக்கு டோக்கன் வாங்கியாச்சு. கண்ணு போனா இன்னொண்ணு இருக்கு, ரூம் வாடகை போனா வருமா? காண்ட்ராக்டர் கணக்குன்னா கணக்குத்தான்.

யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? ஒன் மச்சினன் ஒத்தத் தலைவலின்னு சொல்லியிருக்கான். அதுலயும் வெளிச்சம் தெரியும், இல்லேங்கல. ஆனா அது பெரும்பாலும் கோணல்மாணலா நெளிஞ்சு, எந்தக் கண்ண மூடினாலும் தெரியும். அரை மணி, ஒரு மணி நேரத்துல தன்னால போயிரும். ஒனக்கு வலது கண்ணுல மட்டும்தான் தீபாவளி, இடது கண்ணுல ஒண்ணுமே இல்ல. ஒரு கையெடுத்து ஒரு கண்ணப் பொத்திப் பார்க்கிறதுக்கு என்னடா செலவு? ஒன் மாமியா போன்லயே தாய்ப்பால் விடச் சொல்லுச்சாம். பஸ் ஸ்டாண்டு மருந்துக் கடைக்காரன் ஒரு சொட்டு மருந்து குடுத்திருக்கான். கண்ணுக்கு உள்ள கெழிஞ்சு கெடக்கு, நீ வாசல்ல தண்ணி தெளிச்சுக்கிட்டு இருந்திருக்க.

கண்ணாஸ்பத்திரி டாக்டரம்மா படம் போட்டுக் காட்டுச்சு. கண்ணுக்குள்ள கொழகொழன்னு ஒண்ணு ரொம்பியிருக்காம், முக்காவாசி இல்ல, கிட்டத்தட்ட அம்புட்டும் தண்ணிதான். வயசாக வயசாக அது இளகிச் சுருங்கி, பின்னாடி இருக்கிற விழித்திரைய விட்டுக் கழண்டு வருமாம். அப்படி இழுக்கிறப்பதான் வெளிச்சம் வெட்டுது. அறுபது தாண்டினவங்கள்ல நெறையப் பேருக்கு இது நடந்து, ஒண்ணும் ஆகாம கொசு மட்டும் மிச்சமாகிப் போகுது. எனக்கே ரெண்டு பறக்குது. சில பேருக்குத்தான் இழுத்த இழுப்புல விழித்திரை கெழிஞ்சு போகும். ஒன்ன மாதிரி மைனஸ் எட்டுக் கண்ணாடிக்காரனுக்கு அந்த ஆபத்து ஜாஸ்தி. அதுவும் சின்ன வயசுலயே வரும். கெழிசலோட வந்திருந்தா சுத்தி லேசர் வச்சு, அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. நீதான் படகு விட்டுக்கிட்டு இருந்தியே. அந்தக் கெழிசல் வழியா தண்ணி உள்ள பூந்து, விழித்திரை சுவத்த விட்டு உரிஞ்சு வர ஆரம்பிச்சிருச்சு. பூச்சு உரியுறது ஒனக்குத் தெரியாததா? ஒனக்குக் கீழ இருந்து நெழலு ஏறி வந்துச்சுல்ல, அப்ப உரிஞ்சது மேல. கண்ணுக்குள்ள எல்லாமே தலைகீழ். மேல உரிஞ்சதுதான் சுருக்கா நடுப்பார்வைக்கு எறங்குமாம். நடுப்பார்வை போறதுக்கு முன்னாடி வந்தது ஒன் சாமர்த்தியம் இல்ல, ஒன் வீட்டுக்காரி போட்ட சத்தம்.

"வலியே இல்ல மாமா"ன்னு இன்னமும் சொல்லிக்கிட்டுத் திரியுற பாரு. விழித்திரைக்கு வலிக்கத் தெரியாதுடா. கால்ல முள்ளுக் குத்தினா ஊரக் கூட்டுற நீ, வலிக்காததால ரெண்டு நாள் வேடிக்க பார்த்திருக்க.

இதுல கூத்து என்னன்னா, வானம் தெளிஞ்சிருந்தா கோக்கர்ஸ் வாக்குல இருந்து மதுர வரைக்கும் தெரியும்னு சொல்லுவாங்க. கண்ணுக்குன்னு பேர் போன ஊரு அது. 1976ல 11 கட்டிலோட அரவிந்த் ஆஸ்பத்திரிய ஆரம்பிச்ச வெங்கடசாமி டாக்டருக்கு முடக்குவாதத்துல வெரலெல்லாம் கோணியிருந்துச்சு. அந்த வெரல வச்சே ஆயிரக்கணக்கான கண்ணு அறுத்தாரு. நாட்டுல எங்கெங்க இருந்தோ அந்த ஊரத் தேடி வாரான். நீ மலை உச்சியில நின்னு அந்த ஊரவே பார்த்துக்கிட்டு, சோளக்கருது தின்னுக்கிட்டு இருந்திருக்க.

வத்தலக்குண்டு வரைக்கும் வண்டிய நீயே ஓட்டினியாமே? ஒரு பக்கம் பாதி மறைஞ்ச கண்ணோட அந்தக் கொண்டை ஊசி வளைவுல! எதிர்ல வந்த பஸ்காரன் எந்தக் குலதெய்வத்துக்கு நேந்திருந்தானோ. இன்னொண்ணும் கேட்டுக்க. கண்ணாஸ்பத்திரியில பாப்பா விரிய மருந்து விட்டா, நாலஞ்சு மணி நேரம் எல்லாம் மங்கலாத் தெரியும், வெயிலும் கூசும். அடுத்த தடவ போறப்பவாவது வண்டி ஓட்ட ஒரு ஆளக் கூட்டிக்கிட்டுப் போ.

இப்ப ஆபரேஷன் பண்ணி, கண்ணுக்குள்ள காத்து அடைச்சு விட்டிருக்காங்க. உரிஞ்சத சுவத்தோட ஒட்ட வச்சு அமுக்குறதுக்கு அந்தக் காத்துக் குமிழி. குமிழி எப்பவும் மேல போகும். அதனால எந்த எடத்த அமுக்கணுமோ அதுக்குத் தக்கன, டாக்டர் சொல்றபடி படுக்கணும். ஒனக்குக் குப்புற. தலையத் திருப்பினா ஒரு கோடு தளும்புதுன்னியே, ஊரு வீட்டுக்கெல்லாம் ரசமட்டம் வச்சுப் பார்த்தவனுக்குக் கண்ணுக்குள்ளயே ரசமட்டம் வச்சுட்டாங்க! கோடு நாளுக்கு நாள் கீழ எறங்கும், குமிழி கரையுதுன்னு அர்த்தம். எந்த வாயு போட்டாங்களோ அதப் பொறுத்து ரெண்டு வாரமும் ஆகும், ரெண்டு மாசமும் ஆகும். அதுவரைக்கும் தரையில பதிச்ச டைல்ஸ எண்ணு. மூலையில ஒண்ணு தூக்கிக்கிட்டு நிக்குது, நீ பதிச்சதுதானே?

முக்கியமான வெசயம். காத்து உள்ள இருக்கிறப்ப விமானம் ஏறக் கூடாது, மலையும் ஏறக் கூடாது. ஒசரம் போகப் போக வெளிக்காத்து அழுத்தம் கொறையும், உள்ள குமிழி பெருக்கும், கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி இருக்கிற பார்வையும் போயிரும். கொடைக்கானல் ஏழாயிரம் அடி. வேற ஏதும் ஆபரேஷன்னு போனா, மயக்க மருந்து குடுக்குறவர்கிட்ட மொத வார்த்தையா இதச் சொல்லணும். சிரிப்பு வாயு இந்தக் குமிழிக்கு ஆகாது. கையில பட்டை கட்டியிருக்காங்கல்ல, அது திருவிழாக் கயிறு இல்ல, அவுத்துப் போட்டுராத.

அந்த ரூம்காரன் நல்ல மனுசன்தான் போல. பாதியில காலி பண்ணதுக்குப் பணமாத் தர முடியாது, இந்த மாசத்துக்குள்ள வந்து தங்கிக்கங்கன்னு சீட்டு எழுதிக் குடுத்தானாமே. ஒனக்குத்தான் மலை ஏற விதியில்ல. எனக்கும் ஒன் அத்தைக்கும் கேம்ப்புல புரை எடுத்து வருசம் பல ஆச்சு, கண்ணு பளிங்கு மாதிரி இருக்கு. சீட்ட எந்தச் சட்டைப் பையில வச்சிருக்கன்னு மட்டும் சொல்லு. தலையத் தூக்காம சொல்லு. படகு டோக்கனும் அதோடதானே இருக்கு?