உம்மைவிட நான் பணிவானவன்

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குப் போனால் பலாப்பழத்தின் உண்மையான மதிப்பு தெரியும். கோயம்பேட்டில் இருநூறு ரூபாய்க்குப் பேரம் பேசக்கூடிய பழம், எங்கள் பந்தலில் எட்டாயிரத்தைத் தொடும். பழம் ஒன்றுதான், கை தூக்குகிற பெரியவர்கள் இரண்டு பேர். இருவருக்குமே சர்க்கரை நோய். ஜெயித்தவர் மைக்கை வாங்கி, “எல்லாம் கர்த்தருடைய கிருபை, நான் வெறும் தூசி” என்பார். தோற்றவர் டீ குடிக்கும் இடத்தில் நாலு பேரிடம், “போகட்டும், தாழ்மையா விட்டுக்கொடுத்தேன்” என்று சொல்லிக்கொண்டிருப்பார். பழத்தைத் தின்பது என்னவோ சண்டே ஸ்கூல் பிள்ளைகள்.

பெருமையை ஒழிப்பதில் இதுதான் சிக்கல். கோபம் போனால் போனதுதான். பெருமை போனால், ‘அப்பாடா, போயிற்று’ என்று நினைக்கிற அந்தக் கணத்திலேயே பின்வாசல் வழியாக வந்து உட்கார்ந்துகொள்ளும். சாட்சிக் கூட்டங்களில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். முதலில் எழுந்திருப்பவர் “நான் ஒன்றுமில்லாதவன்” என்பார். அடுத்தவர் விடுவாரா? “நான் ஒன்றுக்கும் உதவாத பாவி” என்பார். மூன்றாமவர் உலகத்திலேயே பெரிய பாவி தாம்தான் என்பார். அந்த இடத்தைப் பவுல் அப்போஸ்தலன் தீமோத்தேயுவுக்கு எழுதின கடிதத்திலேயே பிடித்துவிட்டார் என்பது அவருக்குத் தெரியாது. சேகரக் கமிட்டித் தேர்தல் நோட்டீஸ்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ‘தாழ்மையுள்ள ஊழியன்’ என்ற வரிக்கு மேலே வேட்பாளரின் படம், கோட்டு சூட்டுடன், பல வண்ணத்தில்.

இந்தப் போட்டி கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தேன், ஆழ்வார்பேட்டைக்குக் குடிவரும்வரை. (இங்கே ‘ஆண்டவர்’ என்று யாராவது சொன்னால் உடனே தலை வணங்கிவிடக் கூடாது. கமல்ஹாசனைச் சொல்கிறார்களா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும்.) எதிர் ஃபிளாட் மாமா வைணவர், ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர். ‘நான்’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டதே இல்லை; எப்போதும் ‘அடியேன்’தான். எங்கள் இருவருக்கும் நடுவே இருப்பது, கீழே தூணுக்குப் பக்கத்தில் உள்ள பார்க்கிங்.

“அடியேன் வண்டி வருஷக்கணக்கா அங்கதான் நிக்கறது.”

“நான் பாவிதான் மாமா. ஆனா சேல் டீட்ல அந்த இடம் என் பேர்ல இருக்கு.”

மார்கழி சீசனில் ஒருநாள், மியூசிக் அகாடமி கேண்டீனில் டிபன் முடித்துவிட்டு, கதீட்ரல் ரோட்டோடு நடந்தோம். பரிசுத்த ஜார்ஜ் பேராலயத்துக்குள் அவர் போனதே இல்லையாம். கூட்டிப்போனேன். 1816இல் பிரதிஷ்டையான கட்டடம். சுற்றிலும் வெள்ளைக்காரப் பெரியவர்களின் பளிங்கு நினைவுச் சின்னங்கள். திருச்சியில் 1826இல் குளிக்கப்போன இடத்தில் இறந்துபோன பேராயர் ஹீபருக்கு, சாண்ட்ரி என்ற சிற்பி செய்தது உட்பட. மாமா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கல்வெட்டுகளை வாசித்துவிட்டு, “இவாள்ல ஒருத்தருக்குக்கூடக் குறையே இருந்ததில்லையா?” என்றார். பளிங்கில் குறையைச் செதுக்க யார் காசு கொடுப்பார்கள்?

அவரை ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, பளிங்கில் இல்லாத கதையைச் சொன்னேன். 1947 செப்டம்பர் 27. சுதந்திரம் கிடைத்து ஆறு வாரம். வடக்கே பிரிவினையின் ரத்தம் காயவில்லை. அன்றைக்கு இதே கூரையின்கீழ் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் ஒன்றுகூடித் தென்னிந்தியத் திருச்சபை ஆனார்கள். பேச்சு தொடங்கியது 1919இல், தரங்கம்பாடியில்.

“இருபத்தெட்டு வருஷமா! என்ன தகராறு?”

பேராயர்தான் தகராறு. பேராயர் தலையில் கை வைக்காத குருப்பட்டம் முழுமையானதல்ல என்பது ஆங்கிலிக்கன் கட்சி. ‘அப்படியானால் எங்கள் ஐயர் என்ன அரை ஐயரா?’ என்பது மற்றவர்களின் கேள்வி. (சபையில் ஐயர் என்றால் போதகர்.) பேராயர் என்ற வார்த்தையைக் கேட்டாலே அவர்களில் சிலருக்கு ஆகாது. ‘நான் தூசி’ என்று மைக்கில் சொல்ல எவராலும் முடியும். ‘உங்கள் ஐயரும் முழு ஐயர்தான்’ என்று ஒரு கமிட்டி அறையில் ஒப்புக்கொள்வதற்குத்தான் இத்தனை வருஷம் பிடித்தது.

தரங்கம்பாடியில் முன்நின்றவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளைக்காரர், 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரிகளை நேருக்கு நேர் பார்த்து, ‘தியாகமெல்லாம் செய்கிறீர்கள், சரி, எங்களோடு சிநேகமாக இருக்க வருவதில்லையே’ என்ற பொருளில் பேசியவர் அவர். இணைப்பைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. 1945 ஜனவரி 1 அன்று போய்ச் சேர்ந்தார். அவர் இல்லாத அந்த விழாவில் புதிய பேராயர்களில் ஒருவராக மண்டியிட்டவர் லெஸ்லி நியூபிகின், வயது 37. பேராயரே வேண்டாம் என்று சண்டை போட்ட ஸ்காட்லாந்து பிரெஸ்பிட்டேரியன் சபை அனுப்பிவைத்த மிஷனரி!

“எல்லாரும் சரின்னுட்டாளா?”

“எங்கே? லண்டனில் ஒரு கவிஞர் 1943இல், யுத்தத்துக்கு நடுவே, இந்தத் திட்டத்தை எதிர்த்துத் துண்டுப் புத்தகமே போட்டார். டி.எஸ். எலியட்.”

மாமா ஆடிப்போய்விட்டார். “எலியட்டா? அடியேன் ஆயுசு பூரா அவரைப் பாடம் நடத்தியிருக்கேன். எங்க தென்னிந்தியா விஷயத்துல அவர் ஏன் மூக்கை நுழைக்கணும்?” என்றார். பேராலயத்துக்குள் அவர் எங்கள் கட்சிக்கு வந்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

இதே திருச்சபையின் தேர்தல் வழக்குகள் இப்போது உயர் நீதிமன்றம் வரை போகின்றன என்பதை நான் சொல்லவில்லை. பேப்பர் படிக்கிறவர், அவருக்கே தெரியும்.

“கடைசியில எப்படித்தான் தீர்த்தா?” என்று கேட்டார், வெளியே வரும்போது.

ஏற்கெனவே ஆயராக இருப்பவர் யாருக்கும் மறுபடி கை வைப்பதில்லை, அப்படியே ஏற்றுக்கொள்வது. இனிமேல் வருகிறவர்களுக்குப் பேராயர் கை வைப்பார். பழகிக்கொள்ள 30 வருஷ அவகாசம். எந்தச் சபைக்கும் அதற்கு ஒப்பாத ஆயரைத் திணிப்பதில்லை.

மாமா ஸ்டெல்லா மேரீஸ் காலேஜ் பக்கமாகப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

“ரொம்ப உசந்த ஏற்பாடு சார். பார்க்கிங்லயும் இதையே வெச்சுண்டுடலாம். இப்ப நிக்கற வண்டி அப்படியே நிக்கட்டும். இனிமே அடியேன் வாங்கற வண்டிக்கு உங்க சேல் டீட் செல்லும்.”

அவருடையது 2003 மாடல் சான்ட்ரோ. அதை மாற்றும் உத்தேசம் அவருக்குக் கிடையாது.