வெளியாருக்கு முப்பது

பெறுநர்: தலைவர் அவர்கள், எங்கள் நகர்க் குடியிருப்போர் நலச் சங்கம், சென்னை.

பொருள்: சென்ற ஞாயிறு பொதுக்குழுவில் வேகக் கட்டுப்பாடு பற்றி நிறைவேறிய தீர்மானம்.

மதிப்பிற்குரிய ஐயா,

கடைசி வரிசையில் உட்கார்ந்து முழு விவாதத்தையும் கேட்டவன் என்ற முறையில் முதலில் என் பாராட்டு. நம் தெருக்களில் வேகத்தை முப்பதாகக் குறைக்கலாமா, நாற்பதே இருக்கட்டுமா என்று இத்தனை பேர் தொண்டை வறளப் பேசினார்கள். அந்த முப்பது 2023 நவம்பரிலேயே வந்துவிட்டது என்று சொல்லி ஒருவர்கூட விவாதத்தைக் கெடுக்கவில்லை. சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை அப்போது காருக்கு 60, இருசக்கர வாகனத்துக்கு 50, ஆட்டோவுக்கு 40 என்று வைத்தபோதே, குடியிருப்புப் பகுதிக்குள் எந்த வண்டியானாலும் 30தான் என்றும் சொல்லிவிட்டது. அமலில் இருப்பதை அமல்படுத்தலாமா என்று கைதூக்கச் சொல்லி, அதையும் திருத்தத்தோடுதான் ஏற்போம் என்ற துணிச்சல் எல்லாச் சங்கத்துக்கும் வராது.

திருத்தம் அருமை: வெளியாட்களுக்கு 30, உறுப்பினர்களுக்கு ‘சூழ்நிலைக்கேற்ப’.

இதில் வெளியாள் யார் என்பதில் எனக்குச் சின்னக் குழப்பம். மெயின் ரோடு சிக்னலுக்குப் பயந்து நம் தெருவில் புகுந்து போகிறவர் வெளியாள், சரி. தண்ணீர் லாரி வெளியாள், ஆனால் தொட்டி நம்முடையது. டெலிவரிப் பையன்கள் வெளியாட்கள். அவர்கள் பறப்பதைப் பற்றி அரை மணி நேரம் கொதித்தோம். கொதித்துக்கொண்டிருந்த ஒரு மாமாவே நடுவில் போனை எடுத்து, “தம்பி, பத்து நிமிஷம்னு போட்டிருந்ததே, இன்னும் தெரு முனையிலேயே நிக்கிறியே” என்று அதட்டியதை மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றுவீர்களா, தெரியவில்லை. காலை எட்டரைக்கு ஸ்கூல் வேனை ஒதுக்கிக்கொண்டு, ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் போகும் கார்கள் எல்லாவற்றிலும் நம் சங்கத்து ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. அவை சூழ்நிலைக்கேற்பப் போகின்றன.

“எனக்கு ஆபீஸ் லேட் ஆகும் சார்” என்று எழுந்து நின்றவரின் வாதம்தான் கனமானது. அதனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் நீளமான தெரு 300 மீட்டர் இருக்கும். ஐம்பதில் போனால் 22 விநாடி, முப்பதில் 36. இழப்பு 14 விநாடி. வீட்டு வாசலில் காரை ரிவர்ஸ் எடுக்க அவருக்கு இதைவிட நேரமாகிறது. இன்னொரு கணக்கும் இருக்கிறது. குறுக்கே ஒரு பிள்ளை பந்தைத் துரத்தி வந்தால், கண் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி என்று வைப்போம். அந்த ஒரு விநாடியில் மட்டும் ஐம்பதில் வரும் வண்டி 14 மீட்டர் ஓடிவிடும், முப்பதில் வருவது 8. பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்க ஆகும் தூரம் தனி. இதைக் கூட்டத்திலேயே சொல்லியிருப்பேன். அதற்குள் பஜ்ஜி வந்துவிட்டது.

ஸ்பீடு பிரேக்கர் தீர்மானம் மட்டும் ஏகமனதாக நிறைவேறியது. எங்கே போடுவது என்றதும் ஏகம் போய் மனது மட்டும் மிஞ்சியது. எல்லோருக்கும் வேண்டும், எல்லோருக்கும் பக்கத்து வீட்டு வாசலில் வேண்டும். ராத்திரி லாரி ஏறி இறங்கும் ‘தடால்’ அவர்கள் காதிலேயே விழட்டும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்று ஓர் அமைப்பு இதற்கெல்லாம் அளவு சொல்லியிருக்கிறது: உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர், வண்டி சுமார் 25 கி.மீ. வேகத்தில் நிதானமாக ஏறி இறங்கும்படி வளைவு. நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் ஒன்று, ரோடு போட்ட காண்ட்ராக்டரிடம் மிஞ்சிய தாரில் கேட்டு வாங்கியது. அதற்குத் தெரிந்தது உயரம் மட்டும்தான். வெள்ளைக் கோடும் இல்லாததால், புதிதாக வருபவர் அதன் மேல் ஏறிய பிறகே அதைத் தெரிந்துகொள்கிறார்.

உண்மையைச் சொன்னால், நம் தெருவில் எல்லோரும் பத்துக்கு மேல் போகாமல் ஒழுக்கமாக இருந்தது மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டிப் போட்டிருந்த மாதங்களில்தான். உறுப்பினர், வெளியாள் பேதமே இல்லை. அந்தப் பள்ளம் நம் செயற்குழுவைவிடத் திறமையாக வேலை செய்தது. பள்ளத்தை மூடச் சொல்லி மனு கொடுத்தது நாம்தான்.

அறிவிப்புப் பலகை விஷயமும் ஒன்று. செலவை மிச்சம் பிடிக்க ஒரு பிளாட் விற்பனைக்காரரிடம் ஸ்பான்சர் வாங்கியிருக்கிறீர்கள். மாதிரிப் படத்தில் நீச்சல்குளம் இருக்கிறது, கைப்பேசி எண் இருக்கிறது, மூலையில் பொடி எழுத்தில் 30 இருக்கிறது. அதைப் படிக்க வேண்டுமானால் வண்டியை நிறுத்தியாக வேண்டும். அந்த வகையில் பலகை பயன் தரலாம்.

என் கோரிக்கை எளியது. ‘சூழ்நிலை’ என்பது மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை அடுத்த கூட்டத்தில் எண்ணாக எழுதித் தர வேண்டும். கூட்டம் நடக்கும் மாடி, எந்த வீட்டிலிருந்தும் ஐந்து நிமிட நடைதான். சென்ற முறை வாசலில் நிறுத்தியிருந்த கார்களால் ஸ்கூல் வேன் திரும்ப முடியாமல் ரிவர்ஸிலேயே போனது. ஆகவே உறுப்பினர்கள் நடந்து வரலாம்.

இப்படிக்கு,
மூன்றாவது குறுக்குத் தெரு உறுப்பினன்

பி.கு.: என் சந்தாவில் பாக்கி இல்லை. ரசீது நகல் இணைத்திருக்கிறேன். பாக்கியைக் காரணம் காட்டி இந்தக் கடிதத்தைத் தள்ளுபடி செய்ய முடியாது.