கொஞ்சம் வெட்டியிருக்கலாம்

திருகோணமலையில் மானைப் படம் எடுக்கக் காட்டுக்குப் போகத் தேவையில்லை. பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான் கூட்டமாக நிற்கும். சில நாள் நகர வீதியோரத்தில் மாட்டோடு மாடாகப் படுத்திருக்கும். கோணேசர் கோயிலுக்குப் போகிறவர் கையில் வாழைப்பழம் இருந்தால் கிட்டவே வந்துவிடும். ஆகவே போன் வைத்திருக்கும் எல்லோருமே இங்கே வனவிலங்குப் படப்பிடிப்பாளர்கள். இத்தனை பேர் படம் எடுக்கிற ஊரில் குறை சொல்ல ஒருவர் வேண்டாமா? இருக்கிறார். தேத்தண்ணிக் கடைக்கு ஒருவர்.

போன் கைக்கு வந்ததும் எங்கள் கடை அண்ணை மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். இரண்டு விரலால் படத்தைப் பெருப்பிப்பார். மானைப் பார்க்கமாட்டார், மானின் கண்ணைத்தான் பார்ப்பார்.

“கண்ணில ஃபோகஸ் இல்லைத் தம்பி.”

விதி என்னவோ நல்ல விதிதான். கண் தெளிவாக இருந்தால் வால் மங்கினாலும் படம் நிற்கும். ஆனால் துறைமுகத்துக்கு மேலே வட்டமிடும் செம்பருந்துக்கும் அதே தீர்ப்பு, திமிங்கிலத்துக்கும் அதே தீர்ப்பு. மார்ச், ஏப்ரலில் கடல் அடங்கிப் படகுகள் நீலத் திமிங்கிலம் பார்க்கப் போகும். மூச்சுவிட மேலே வரும்போது அது காட்டுவது முதுகும் பின்னால் ஒரு சின்னத் துடுப்பும்தான். 25 மீட்டர் உடம்பில் கண் இருக்கும் இடம் தண்ணீருக்குக் கீழே. ஆடுகிற படகில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாந்தியை அடக்கிக்கொண்டு எடுத்தவனிடம்தான் அண்ணை கண்ணைக் கேட்கிறார்.

பாராட்டவே மாட்டார் என்று சொல்ல முடியாது. “வெளிச்சம் நல்லா விழுந்திருக்கு” என்பார், அது சூரியனுக்கு. “என்ன கமரா?” என்பார், அது கம்பனிக்கு. படம் உண்மையிலேயே நன்றாக இருந்துவிட்டால் இன்னொரு பிளேன்டீ சொல்லிவிட்டு, 2009ஆம் ஆண்டின் ஓநாயை அவிழ்த்துவிடுவார்.

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் போட்டியில் அந்த வருடம் முதற்பரிசு ஸ்பெயின்காரர் ஹோசே லூயிஸ் ரொட்ரிகெஸுக்குக் கிடைத்தது. இரவில் வேலிப் படலைத் தாண்டிப் பாயும் ஓநாய். அது பழக்கிய ஓநாயாக இருக்கலாம் என்று நடுவர்கள் முடிவுசெய்து 2010 ஜனவரியில் பரிசைப் பறித்தார்கள், அவர் மறுத்தார். “இப்ப சொல்லும் தம்பி, உம்மட மான் காட்டு மானோ, கோயில் மானோ?” வாழைப்பழம் கொடுத்தவன் எங்கே போய் முழிப்பான்?

கண் விதிக்கே திரும்பினால், 1980களின் தொடக்கத்தில் ‘டியூலிப்’ என்ற பாய்ப்படகில் இந்தக் கடலுக்கு வந்த திமிங்கில ஆய்வாளர்களும் படம் எடுத்தார்கள். எண்ணெய்த் திமிங்கிலத்தை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய வால் ஓரத்தில் உள்ள வெட்டும் கிழிசலும் போதும். கண்ணே இல்லாத படம், வால் நட்டநடுவில். அண்ணை பார்த்திருந்தால் அவர்களையும் திருப்பி அனுப்பியிருப்பார்.

பின்னணி விஷயத்தில் மட்டும் அவர் சொல்வதை எல்லோரும் கேட்பார்கள். கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது. அது மானுக்குப் பின்னால் விழுந்தால் கருத்துச் சொல்ல வேறு ஆட்கள் வருவார்கள். மற்றபடி பஸ், கச்சான் வண்டி, மின்கம்பம், பக்தர் எதுவும் ஆகாது. எல்லாவற்றையும் வெட்டச் சொல்வார். வெட்டி முடிய மான் வில்பத்துவில் நிற்பது போலிருக்கும்.

போன கிழமை ஒரு பெடியன் கொண்டுவந்த படத்தில் மான் பொலித்தீன் பையைச் சப்பிக்கொண்டு நின்றது. அண்ணை கண்ணாடியை ஏற்றினார்.

“பை வந்திட்டுது. அதை வெட்டும்.”

“பையை வெட்டினா மானின்ர முகமும் போயிடுமே, அண்ணை.”

அண்ணை இன்னும் கொஞ்சம் பெருப்பித்துப் பார்த்தார்.

“போகட்டும். புள்ளி நல்லா வந்திருக்கு.”