பாஸ்போர்ட் வாத்தியார்

தென்கொரியாவில் ஆங்கில வாத்தியார் ஆக என்ன தகுதி வேண்டும்? ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்று பதில் சொன்னால் நீங்கள் வெகுளி. அந்த நாட்டின் ஈ-2 விசா முதலில் கேட்பது பாஸ்போர்ட்டை. அதுவும் ஏழே ஏழு நாட்டுப் பாஸ்போர்ட்டை: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. தாய்ப்பாலோடு இலக்கணத்தையும் சேர்த்துக் குடித்தவர்கள் இந்த ஏழு தேசத்தில்தான் பிறக்கிறார்கள் என்பது சியோல் அரசு கண்டுபிடித்த உண்மை.

பாஸ்போர்ட்டோடு ஒரு இளங்கலைப் பட்டமும் வேண்டும். எந்தப் பாடத்தில்? அதை அவர்களே கேட்பதில்லை. கடல் உயிரியல் படித்தவர் வரலாம். ஹோட்டல் நிர்வாகம் படித்தவர் வரலாம். நாலு வருடம் படிப்பு என்ற பெயரில் பீர் குடித்து, கடைசி வரிசையில் நின்று பட்டம் வாங்கியவரும் தாராளமாக வரலாம். போலீஸில் வழக்கு இல்லை என்று ஒரு சான்று, உடம்பில் போதைப்பொருள் இல்லை என்று ஒரு சோதனை, அவ்வளவுதான். அரசுப் பள்ளி என்றால் 100 மணி நேரப் பயிற்சிச் சான்றிதழ் கேட்பார்கள். அதை இணையத்தில், தள்ளுபடி விலையில், சோபாவில் படுத்தபடி வாங்கிவிடலாம். ஹாக்வோன் எனப்படும் தனியார் பயிற்சிக்கூடங்களில் பெரும்பாலும் அந்தத் தொந்தரவும் கிடையாது.

ஒன்றை மட்டும் மறக்காமல் அனுப்ப வேண்டும்: புகைப்படம். உச்சரிப்பைப் போட்டோவில் பார்த்துவிடக் கூடிய தொழில்நுட்பம் கொரிய முதலாளிகளிடம் இருக்கிறது.

இந்தத் தகுதிகளோடு வந்து இறங்குகிற இளைஞருக்குக் கிடைப்பது என்ன? வழக்கமான ஒப்பந்தத்தில் விமான டிக்கெட் முதலாளி செலவு. தனி அறை, வாடகை இல்லாமல். மாதம் 20 லட்சம் வோனுக்கு மேல் சம்பளம். வருடம் முடிந்தால் ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடை. சொந்த ஊரில் காபிக்கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவரை ஒரே நாள் விமானப் பயணம் 'டீச்சர்' ஆக்கிவிடுகிறது. வகுப்பில் நுழைந்ததும் குழந்தைகள் எழுந்து நின்று தலைவணங்குகின்றன. தலைவணங்கச் சொல்லிக்கொடுத்த கொரிய ஆசிரியை பக்கத்திலேயே நிற்கிறார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளி ஆசிரியர் ஆக அந்த நாட்டில் எழுத வேண்டிய நியமனத் தேர்வு ஆளைக் கசக்கிப் பிழிவது. ஆண்டுக்கணக்கில் படித்தும் தேறாதவர்கள் ஏராளம். அதைத் தாண்டி வந்தவர் அவர். பாடத்திட்டம் போடுவது அவர். மதிப்பெண் போடுவது அவர். வெள்ளைக்கார டீச்சருக்கு வங்கிக் கணக்கு திறக்க உடன் போவதும், பல்வலி வந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போய் மொழிபெயர்ப்பதும், ஹீட்டர் எரியவில்லை என்றால் வீட்டுக்காரருக்குப் போன் செய்வதும் அவர்தான். வந்தவரின் வேலை, ஒரு வாக்கியத்தைச் சொல்லி, பிள்ளைகளைத் திரும்பச் சொல்லவைப்பது. ஒலிநாடா செய்துகொண்டிருந்த வேலைதான். ஒலிநாடாவுக்கு இலவச வீடு கொடுக்க வேண்டியதில்லை.

1995 முதல் அரசே ஈபிக் என்ற திட்டம் வைத்து இப்படி ஆள் எடுக்கிறது. அரசுப் பள்ளியை ஆளும் மோகம் இப்படி என்றால் தனியார் கடையைக் கேட்கவா வேண்டும்? 2024-இல் கொரியப் பெற்றோர் பள்ளிப் பிள்ளைகளின் தனிப்பயிற்சிக்கு மொத்தம் 29.2 லட்சம் கோடி வோன் செலவழித்தார்கள். அதில் ஆங்கிலத்துக்குப் பெரும் பங்கு. பேர் பெற்ற ஆங்கில ஹாக்வோன்களில் இடம் பிடிக்க நடக்கும் நுழைவுத் தேர்வுக்கு 'ஏழு வயதுத் தேர்வு' என்றே பெயர் வந்துவிட்டது. பிறகு அதற்கும் கீழே இறங்கி 'நாலு வயதுத் தேர்வு' வந்தது. நாலு வயதுக் குழந்தையை உட்காரவைத்துத் தேர்வு நடத்திய நாட்டில், அந்தக் குழந்தைக்குப் பாடம் எடுக்க வருகிறவருக்கு மட்டும் தேர்வு இல்லை. அவர் பிறக்கும்போதே பாஸ்.

இந்த ஏழு நாட்டுப் பட்டியலைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள். தென்னாப்பிரிக்கா பட்டியலில் இருக்கிறது. 2022 கணக்கெடுப்பின்படி அந்த நாட்டில் வீட்டில் ஆங்கிலம் பேசுபவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. அங்கிருந்து வருபவர் ஆங்கில வழியில் படித்ததற்குச் சான்று காட்டினால் போதும். சரி, நியாயம்தான். சிங்கப்பூரைப் பாருங்கள். 1987-லிருந்து பள்ளிகள் எல்லாம் ஆங்கில வழி. 2020 கணக்கெடுப்பில் ஏறத்தாழ பாதிப் பேர் வீட்டிலேயே அதிகம் பேசுவது ஆங்கிலம். சிங்கப்பூர் பட்டியலில் இல்லை. அதே படிப்புச் சான்றை அங்குள்ள ஈசூனில் வளர்ந்த சீனப் பெண்ணோ தமிழ்ப் பையனோ நீட்டினால் அது செல்லாது. ஜமைக்காக்காரர் காட்டினால் செல்லாது. நைஜீரியர் காட்டினால் செல்லாது. காகிதம் ஒன்றுதான், நீட்டுகிற கை வேறு.

பிலிப்பைன்ஸ் கதைதான் உச்சம். கொரிய மாணவர்கள் கூட்டம் கூட்டமாக செபுவுக்கும் பாகியோவுக்கும் விமானம் ஏறிப் போய், பிலிப்பினோ ஆசிரியர்கள் முன் உட்கார்ந்து, ஒருவருக்கு ஒருவர் என்று ஆங்கிலம் படிக்கிறார்கள். கொரிய முதலாளிகளே அங்கே பள்ளிகள் நடத்துகிறார்கள். மாணவர்கள் நன்றாகப் படித்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். அதே பிலிப்பினோ ஆசிரியை அதே மாணவனுக்கு அதே பாடத்தை சியோலில் எடுக்க ஈ-2 விசா கேட்டால் கதவு சாத்தப்படும். செபுவில் நன்றாக இருந்த ஆங்கிலம் இஞ்சியோன் விமான நிலையத்தில் இறங்கும்போது கெட்டுப்போய்விடுகிறது போலும். பால்கூட அவ்வளவு சீக்கிரம் திரியாது.

பட்டியலில் இருந்தாலும் எல்லோரும் சமமில்லை. அமெரிக்கப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் கறுப்பினத்தவருக்குப் பல நேரம் பதில் கடிதமே வராது. வந்தாலும் 'பெற்றோர் விரும்பமாட்டார்கள்' என்று வரும். கலிஃபோர்னியாவில் பிறந்து வளர்ந்து ஆங்கிலம் மட்டுமே அறிந்த கொரிய வம்சாவளிப் பெண்ணை ஹாக்வோன் முதலாளி தயக்கத்தோடு பார்ப்பார். முகம் நம் முகமாக இருக்கிறதே, இதற்கா பணம் கொடுப்பது? 2014-இல் அயர்லாந்துப் பெண் ஒருவருக்கு வந்த மறுப்புக் கடிதத்தில் காரணமாகச் சொல்லப்பட்டது அவர் இனத்தாரின் குடிப்பழக்கம். அந்தக் கடிதம் உலகச் செய்தியானது. வெள்ளைத் தோலுக்கும் ஒரு நாள் இனவெறி என்றால் என்னவென்று தெரிந்தது, ஐரோப்பா திடுக்கிட்டது. கறுப்புத் தோலுக்கு அது செய்தியே இல்லை.

இந்த இடத்தில் நம் இந்தியாவும் மேடை ஏறுகிறது. 2009-இல் கையெழுத்தாகி 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்திய - கொரியப் பொருளாதார ஒப்பந்தத்தில் நமக்கு ஒரு சலுகை உண்டு. இந்தியர்களும் கொரியப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கலாம். துணை ஆசிரியராக. பட்டம் மட்டும் போதாது, ஆங்கில ஆசிரியராகப் பணியாற்றும் முறையான தகுதியும் வேண்டும். ஆங்கில இலக்கியம் படித்து, பி.எட். முடித்து, நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பைப் பத்து வருடம் கட்டி மேய்த்த மதுரை டீச்சர், கடல் உயிரியல் படித்த தம்பிக்கு இணையான நாற்காலியில் உட்கார இவ்வளவு காகிதம் காட்ட வேண்டும். நம் அதிகாரிகள் இதையும் வெற்றி என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு, கைகுலுக்கி, தேநீர் அருந்திவிட்டு வந்தார்கள். அவர்களைச் சொல்லி என்ன? நம்மூர் சர்வதேசப் பள்ளி விளம்பரத் தட்டிகளிலும் சிரிப்பது வெள்ளைக் குழந்தைகள்தானே.

இதுவரை சிரிக்கலாம். இனிமேல் சிரிக்க ஒன்றுமில்லை.

அதே கொரியாவுக்கு இன்னொரு வாசல் உண்டு. அதன் பெயர் ஈ-9 விசா. 2004-இல் தொடங்கிய வேலை அனுமதித் திட்டத்தின் வழியாக இலங்கை, நேபாளம், கம்போடியா, வங்கதேசம், வியட்நாம் போன்ற நாடுகளிலிருந்து தொழிற்சாலைக்கும் பண்ணைக்கும் மீன்பிடிப் படகுக்கும் ஆள் எடுக்கிறார்கள். அந்த வாசலில் நுழைய என்ன வேண்டும் தெரியுமா? கொரிய மொழித் தேர்வு. இலங்கையின் சிற்றூர்ப் பையன்கள், சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும், கடன் வாங்கி கொரிய மொழி வகுப்புக்குப் போகிறார்கள். எழுத்தைப் பழகி, கேட்டுப் புரிந்து, தேர்வு எழுதித் தேறுகிறார்கள். தேறினாலும் வேலை உறுதியில்லை. பெயர் ஒரு பட்டியலில் ஏறும். முதலாளி யாராவது தேர்ந்தெடுத்தால் அதிர்ஷ்டம். இரண்டு வருடத்தில் யாரும் எடுக்காவிட்டால் மதிப்பெண் காலாவதி. மறுபடி முதலிலிருந்து.

ஆக, பேசவே தேவையில்லாத இரும்புப் பட்டறை வேலைக்கு வருகிறவருக்கு மொழித் தேர்வு உண்டு. நாள் முழுக்கப் பேசுவதே வேலையாக இருப்பவருக்கு மொழித் தேர்வு கிடையாது. கொரிய மொழியிலும் கிடையாது, ஆங்கிலத்திலும் கிடையாது.

வாத்தியார் மனைவி மக்களை அழைத்து வரலாம். தொழிலாளி அழைத்து வரக் கூடாது. முதலாளி அடித்தாலும் ஏசினாலும் தொழிலாளி நினைத்தபோது இடம் மாற முடியாது. முதலாளி சம்மதிக்க வேண்டும், அல்லது சட்டம் ஏற்கும் காரணத்தை அவரே நிரூபிக்க வேண்டும். முதலாளி சம்மதித்தாலும் முதல் மூன்று ஆண்டுகளில் மூன்று முறைக்கு மேல் மாற்றம் இல்லை. இது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தொழிலாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2021 டிசம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம், விதி சரிதான் என்று சொல்லி அனுப்பிவிட்டது.

வாத்தியார்களுக்கும் ஒரு வழக்கு உண்டு. 2007 முதல் ஈ-2 ஆசிரியர்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதனையைக் கட்டாயம் ஆக்கினார்கள். நியூசிலாந்து ஆசிரியை ஒருவர் மறுத்து, ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு வரை போனார். 2015-இல் குழு கொரியாவைக் கண்டித்தது, 2017-இல் விதி நீங்கியது. நியாயமான போராட்டம், நியாயமான வெற்றி. என் கேள்வி அந்த ஆசிரியையிடம் இல்லை. ஒரே நாட்டில், ஒரே குடியேற்றத் துறையின் கீழ், ஒருவரின் அவமானம் ஜெனீவா வரை கேட்கிறது. இன்னொருவரின் அடிமைத்தனம் உள்ளூர் நீதிமன்றத்திலேயே செத்துப்போகிறது.

செத்துப்போவது வழக்கு மட்டுமில்லை. 2020 டிசம்பரில், சியோலுக்கு வடக்கே போச்சோன் பகுதிக் காய்கறிப் பண்ணை ஒன்றில் வேலை செய்த கம்போடியப் பெண், செடி வளர்க்கும் பிளாஸ்டிக் குடிலுக்குள் அமைத்திருந்த தங்குமிடத்தில் பிணமாகக் கிடந்தார். வெளியே உறைய வைக்கும் குளிர். அவர் வயது சுமார் முப்பது. விமான டிக்கெட்டும் தனி அறையும் வாத்தியாருக்கு ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கின்றன. அந்த நாட்டுக்குச் சோறு விளைவித்தவளுக்குக் கீரைக்குப் போட்ட கூரை போதும் என்று யார் கணக்குப் போட்டது?

கொரியா மட்டும் விதிவிலக்கு என்று எண்ண வேண்டாம். தாய்லாந்துக்குப் போங்கள். அங்கே புதிதாகச் சேரும் அரசுப் பள்ளித் தாய் ஆசிரியரின் சம்பளம் சில ஆண்டுகளுக்கு முன்புவரை சுமார் 15,000 பாட். மேற்கிலிருந்து வருபவருக்கு 30,000, 40,000. அதே பள்ளியில் அதே பாடம் எடுக்கும் பிலிப்பினோவுக்கு அதில் பாதி கிடைத்தால் பெரிது. வேலை விளம்பரத்திலேயே இரண்டு விலையும் வெட்கமில்லாமல் அச்சாகிறது.

வெள்ளைக்கார வாத்தியார்கள் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. படிப்புக் கடன் கழுத்தை நெரிக்க வந்தவர்கள் உண்டு. உண்மையிலேயே கற்பிக்கத் தெரிந்தவர்கள் உண்டு. சம்பளத்தை ஏப்பம் விட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கடையைப் பூட்டிய ஹாக்வோன் முதலாளிகளிடம் ஏமாந்தவர்களும் உண்டு. என் கோபம் இன்னொரு ரகத்தின் மேல். ஐந்து வருடம் இருந்தும் கொரிய மொழியில் ஒரு நூடுல்ஸ் கிண்ணம் கேட்கத் தெரியாமல், சியோலின் இத்தேவோன் மதுக்கடையில் உட்கார்ந்து, 'இவர்களுக்கு மொழி வராது' என்று தீர்ப்பு எழுதுகிறவர் அவர். ஊருக்குப் போனதும் ஆசிய நாகரிகத்தைப் பற்றிப் பேச அழைக்கப்படுகிறவரும் அவர்தான். வரிசையில் தன்னை முன்னால் நிறுத்திய பாஸ்போர்ட்டைத் தன் திறமை என்று அவர் கடைசிவரை நம்புவார்.

அவரைவிடப் பெரிய குற்றவாளி அந்த ஏழு நாட்டுப் பெயரை விசா விதியில் எழுதிவைத்த கை. கற்பிக்கத் தெரிந்தவர் யார் என்று சோதித்துப் பார்க்க அந்தக் கைக்கு வழியில்லை என்று யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம். கொழும்பிலும் காத்மாண்டுவிலும் ஆயிரக்கணக்கானவர்களை உட்காரவைத்து மொழித் தேர்வு நடத்துகிற அரசு அது. அதே தேர்வு மண்டபத்தில் ஓஹையோக்காரரையும் மணிலாக்காரரையும் மதுரைக்காரரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, ஒரே கேள்வித்தாளைக் கொடுத்துவிடலாம். செய்யமாட்டார்கள். யார் தோற்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.